வாடகை பாக்கி என்றால் கடையைப் பூட்டலாமா?

கேள்வி: திருகோணமலை நகரில் வாடகைக் கடை ஒன்றில் தையல் தொழில் செய்கிறேன். மூன்று வருட ஒப்பந்தம். மகளின் சத்திரசிகிச்சைக்காக மட்டக்களப்பில் நின்றதில் இரண்டு மாத வாடகை பாக்கி. திரும்பி வந்தால் கடைக்கு வேறு பூட்டு. மெஷின்களும் வாடிக்கையாளரின் துணிகளும் உள்ளே. “வாடகை தவறினால் உரிமையாளருக்கு மீள்பிரவேச உரிமை உண்டு என்று நீங்களே கையெழுத்து வைத்தீர்களே” என்கிறார் உரிமையாளர். நான் பூட்டை உடைக்கலாமா?

பதில்: உடைக்க வேண்டாம். இப்போது தவறு அவர் பக்கம். நீங்கள் பூட்டில் கைவைத்தால் அடுத்த முறைப்பாடு உங்கள் மீதுதான்.

மீள்பிரவேசம், அதாவது உரிமையாளர் மறுபடி நுழைந்து இடத்தை எடுத்துக்கொள்வது பற்றிய அந்த வரி, குத்தகை உறுதிகளில் வழக்கமாக வருவது. வாடகை தவறினால் ஒப்பந்தத்தை முடித்து, கடையை மீட்க வழக்குப் போடலாம் என்பதே அதன் பலன். நம் நாட்டில் செல்லுபடியாகும் உரோமன் டச்சுச் சட்டப்படி, ஆட்சியில் இருப்பவரை, அதாவது இடத்தைக் கைவசம் வைத்திருப்பவரை, வெளியேற்ற நீதிமன்றக் கட்டளை வேண்டும். பூட்டை மாற்றுவதற்கு உறுதியில் உள்ள ஒரு வரி போதாது, சொந்தக் கட்டடமாக இருந்தாலும்.

சரி, என்ன செய்வது? 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். காணி, கட்டடத் தகராறில் சமாதானம் குலையும் நிலை இருந்தால் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். அவர்கள் இழுத்தடித்தால், சத்தியக்கடதாசியுடன் (சத்தியம் செய்து கையெழுத்திட்ட எழுத்து வாக்குமூலம்) நீங்களே சட்டத்தரணி மூலம் போகலாம். பலவந்தமாக ஆட்சி பறிக்கப்பட்டது என்று நிரூபித்தால், அதைத் திருப்பிக் கொடுக்க 68ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆனால் பறிக்கப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்தில் தாக்கலாகியிருக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று காத்திருந்தே பலர் இந்தக் காலத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

இந்தக் கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். ஆனால் இது தற்காலிக ஏற்பாடுதான். இறுதி உரிமையை மாவட்ட நீதிமன்றம் தீர்மானிக்கும். இரண்டு மாதம் தாண்டினாலும் ஆட்சி மீட்பு வழக்கை அங்கே போடலாம், ஒரு வருடத்துக்குள்.

அப்புறம், பாக்கி வாடகை. அதைத் தராமல் இருப்பது உங்கள் வழக்குக்கு நல்லதல்ல. வங்கியில் அவர் கணக்கில் போட்டு, பற்றுச்சீட்டின் பிரதியைப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புங்கள். உள்ளே இருக்கும் மெஷின்கள், துணிகளின் பட்டியலை இன்றே எழுதுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுத்த துண்டுச்சீட்டுகளின் அடிக்கட்டை கையில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.