வீட்டு நாஸ் சர்வரின் இயங்குதளத்தை எப்போது மாற்றுவது?

ட்ரூநாஸ் கோர் 13 என்ற இயங்குதளம் ஓடும் உங்கள் வீட்டு நாஸ் சர்வர் (கோப்புகளைச் சேமித்து வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் கணினி) எந்தக் குறையுமின்றி வேலை செய்துகொண்டிருக்கும்போது, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பதிப்புக்கு உடனே மாற வேண்டுமா, அல்லது ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஒரே முடிவாகத் தோன்றும் இதற்குள் மூன்று முடிவுகள் இருக்கின்றன: இயங்குதளத்தை மாற்றுவது, அதன்மேல் ஓடும் செயலிகளைக் குடிபெயர்ப்பது, ஹார்ட் டிஸ்குகளில் இருக்கும் பூலை, அதாவது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை பல டிஸ்குகளை ஒன்றாக்கித் தரும் சேமிப்பிடத்தை, அப்கிரேட் செய்வது. முதலாவது பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். மூன்றாவதைச் செய்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005-இல் ஒலிவியே கோஷார்-லாபே என்பவர் ஃப்ரீநாஸ் என்ற பெயரில் தொடங்கிய திட்டம், பின்னர் ஐஎக்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்து, 2020-இல் ட்ரூநாஸ் கோர் என்று பெயர் மாறியது. அதன் அடித்தளம் லினக்ஸ் அல்ல, ஃப்ரீ பிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளம். 2022 பிப்ரவரியில் டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்ட ட்ரூநாஸ் ஸ்கேல் வெளிவந்தது, 2025-இன் 25.04 பதிப்பிலிருந்து அதற்குக் கம்யூனிட்டி எடிஷன் என்று பெயர். கோர் வரிசையோ 2024-இல் வந்த 13.3-உடன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது.

ஆகவே காத்திருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஃப்ரீ பிஎஸ்டி 13.3-க்கான ஆதரவு 2024 டிசம்பர் இறுதியில் முடிந்தது. 13 வரிசை முழுவதற்குமான ஆதரவுக்கு 2026 ஏப்ரல் 30 என்று அத்திட்டத்தினரே நாள் குறித்திருந்தனர். சர்வரை இணையத்துக்குத் திறந்து வைக்கவில்லை, ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் வெளியே விடவில்லை, வீட்டுக்குள் எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு மட்டுமே ஓடுகிறது என்றால் உங்களுக்குச் சில மாத அவகாசம் இருக்கிறது என்று சொல்வேன். சில வருட அவகாசம் என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் அதே நெட்வொர்க்கில்தான் அப்டேட்டே பார்க்காத டிவியும், மலிவு விலைக் கேமராவும், விருந்தாளிகளின் போன்களும் இருக்கின்றன. சொந்தக் கிளவுட் சேமிப்புச் செயலியான நெக்ஸ்ட்கிளவுட் போன்ற எதையாவது வெளியிலிருந்து அணுகுமாறு வைத்திருந்தால் அந்த அவகாசமும் இல்லை.

இன்னொரு பக்கம், புதிய பதிப்பு வந்த வாரமே தாவக் கூடாது என்பதற்கு இந்தத் திட்டத்தின் வரலாற்றிலேயே போதிய சான்றுகள் உண்டு. ஃப்ரீநாஸ் கோரல் என்ற பதிப்பு 2017 மார்ச்சில் நிலையான வெளியீடாகவே வந்தது. அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. 2023 அக்டோபரில், ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் வடிவமான ஓப்பன் இசட்எஃப்எஸின் 2.2.0 வெளிவந்த சில வாரங்களில், நகலெடுக்கப்பட்ட கோப்புகளுக்குள் சில பகுதிகள் வெறும் பூஜ்ஜியங்களாக மாறிவிடும் பிழை ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. ஆராய்ந்தபோது அந்தப் பிழை பழைய பதிப்புகளிலும் பதுங்கியிருந்தது என்றும், புதிய பதிப்பின் வசதி ஒன்று அதை எளிதில் தட்டி எழுப்பிவிட்டது என்றும் தெரிந்தது. நவம்பர் இறுதியில் 2.2.2, 2.1.14 ஆகிய இரண்டு திருத்தங்கள் வந்தபின்தான் நிலைமை சீரானது. தரவைக் காப்பதற்கென்றே பெயர்பெற்ற ஒரு கோப்பு முறைமைக்கே இது நேர்ந்தது என்பதால், பூஜ்ஜியத்தில் முடியும் எந்த வெளியீட்டையும் குடும்பப் புகைப்படங்கள் இருக்கும் சர்வரில் நான் நிறுவுவதில்லை.

காத்திருந்தவர்களுக்கு வேலை குறைந்ததும் உண்டு. ஸ்கேல் தொடக்கத்தில் செயலிகளை ஓட்டுவதற்குக் குபெர்நெட்டீஸ் என்ற சிக்கலான அமைப்பைப் பயன்படுத்தியது. 2024 அக்டோபரில் வந்த 24.10 பதிப்பில் அதைக் கைவிட்டு, செயலிகளைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் டாக்கருக்கு மாறியது. 2022-இலேயே மாறியவர்கள் ஜெயிலிலிருந்து (கோரில் செயலிகள் ஓடும் தனியறை போன்ற அமைப்பு) குபெர்நெட்டீஸுக்கு ஒருமுறை, அதிலிருந்து டாக்கருக்கு மறுமுறை என இரண்டு தடவை வீடு மாற வேண்டியிருந்தது. வெளியார் நடத்திய செயலித் தொகுப்புகளை நம்பியவர்களுக்கு அந்த இரண்டாவது மாற்றம் தானாகவும் நடக்கவில்லை. 25.04-இல் மெய்நிகர் கணினிகளுக்கான அமைப்பு முழுவதும் மாற்றப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 25.04.2-இல் பழைய முறை மீண்டும் சேர்க்கப்பட்டது. முதல் வாரத்தில் மாறியவர்கள் மெய்நிகர் கணினிகளைக் கையால் மீட்டெடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது திருத்தம்வரை பொறுத்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

நான் கோரிலிருந்து மாறியதும் 24.10-க்குச் சில திருத்தங்கள் வந்த பிறகுதான். எந்தப் பதிப்பு எத்தகைய பயனருக்கு ஏற்றது என்று ஐஎக்ஸ் சிஸ்டம்ஸே ஓர் அட்டவணை வெளியிடுகிறது; அதில் பொதுப் பயனருக்கு ஒரு பதிப்பும், எச்சரிக்கையான பயனருக்கு அதைவிடப் பழையதொரு பதிப்பும் குறிப்பிடப்பட்டிருக்கும். வீட்டில் வைத்திருப்பவர்கள் தங்களைப் பொதுப் பயனர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். சர்வரைக் கவனிக்க வேறு ஆளில்லாத, கெட்டுப்போனால் ஒரு நாள் முழுவதும் அதற்கே போய்விடக்கூடிய வீட்டுக்காரர்தான் எச்சரிக்கையான பயனர் வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் சர்வரைப் பொறுத்த கேள்வி: அதில் ஜெயில்கள் உண்டா? இல்லையென்றால், வெறும் கோப்புப் பகிர்வு மட்டுமே என்றால், மாற்றம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். ஜெயில்கள் இருந்தால் அவை புதிய தளத்துக்கு வரவே வராது. ஃப்ரீ பிஎஸ்டியின் கர்னலை, அதாவது அதன் மையப் பகுதியை, நம்பியிருப்பவை அவை. பூலின் உட்பிரிவான டேட்டாசெட்டுக்குள் அவற்றின் கோப்புகள் பத்திரமாக இருக்கும், ஆனால் ஓடாது. ஒவ்வொரு செயலியையும் டாக்கரில் புதிதாக நிறுவி, பழைய அமைப்புகளை எடுத்துச் செல்ல வேண்டும்.

இதில் நெக்ஸ்ட்கிளவுட்தான் அதிகம் படுத்தும். அதன் பெரும்பதிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் ஏற முடியும். ஒன்றைத் தாண்டிக் குதிக்க அது அனுமதிப்பதில்லை. நெடுநாள் அப்டேட் செய்யாத ஜெயிலில் பழைய பதிப்பு இருந்து, புதிய தளத்தின் செயலித் தொகுப்பில் நான்கைந்து படி மேலான பதிப்பு மட்டுமே இருந்தால், தரவுத்தளத்தைக் கொண்டுபோய் நேரடியாக இணைக்க முடியாது. கோர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஜெயிலுக்குள்ளேயே ஒவ்வொரு படியாக ஏற்றி, தரவுத்தளத்தை டம்ப் (ஒரே கோப்பாக முழு நகல்) எடுத்துப் பூலில் வைத்துவிட்டு, அதன்பின் மாறுவதே சுலபமானது. ஒவ்வொரு கோப்பும் யாருடையது என்று குறிக்கும் உரிமையாளர் எண்களும் கவனிக்கத்தக்கவை. ஃப்ரீ பிஎஸ்டியில் இணைய சர்வரின் பயனர் எண் 80. டெபியனில் அது 33. வீடியோக்களைப் பார்க்க உதவும் பிளெக்ஸ் செயலி ஜெயிலில் 972 என்ற எண்ணில் ஓடியிருக்கும். ட்ரூநாஸின் புதிய செயலிகளோ வழக்கமாக 568-இல் ஓடுகின்றன. மாறிய பின் கோப்புகளைப் பட்டியலிட்டால் உரிமையாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறுமனே 972 என்று நிற்கும். செயலி கோப்பைத் திறக்க முடியவில்லை என்று புலம்பும். தரவு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை, உரிமையை மாற்றிக் கொடுத்தால் போதும்.

ஒரு நிலையில் மட்டும் மாற்றத்தையே தள்ளிப்போடச் சொல்வேன். பூல் ஃப்ரீநாஸ் காலத்தில், ஃப்ரீ பிஎஸ்டிக்கே உரிய கெலி முறையில் குறியாக்கம் செய்யப்பட்டதாக இருந்தால் லினக்ஸ் பதிப்பால் அதைத் திறக்க முடியாது. முழுத் தரவையும் வேறு டிஸ்குகளுக்கு நகலெடுத்து, இசட்எஃப்எஸின் சொந்தக் குறியாக்கத்துடன் புதிய பூல் உருவாக்கிய பிறகே நகர முடியும். அதற்கான டிஸ்குகளை வாங்கும் நாள்தான் உங்கள் நாள்.

மாறுவதற்கு முந்தைய வாரத்தில் ஸ்க்ரப் (பூலின் தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஒன்றை முழுமையாக ஓட்டி, எல்லா டிஸ்குகளுக்கும் அவை தம்மைத் தாமே பரிசோதிக்கும் ஸ்மார்ட் நீண்ட சோதனையை முடித்து, பேக்கப்பிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். நிறுவல் உங்கள் தரவு டிஸ்குகளைத் தொடுவதில்லை. ஆயினும் வருடக்கணக்கில் நிற்காமல் சுழன்ற பழைய டிஸ்கு ஒன்று, மின்சாரத்தை அணைத்துப் போட்டதும் எழாமல் போவதுண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளைத் தவிர்க்கச் சொல்ல வேண்டியதில்லை.

அமைப்புகளைத் தரவிறக்கும்போது கடவுச்சொல் ரகசிய விதையையும் சேர்த்து ஏற்றுமதி செய்யும் பெட்டியில் டிக் செய்ய மறவாதீர்கள். டிக் செய்தால் கிடைக்கும் கோப்பு டார் என்று முடியும். டிபி என்று முடிந்தால் விதை அதில் இல்லை, புதிய நிறுவலில் கிளவுட் கணக்குகள், மின்னஞ்சல் போன்றவற்றின் சேமித்த கடவுச்சொற்கள் வேலை செய்யாது. இயங்குதளம் இருக்கும் பழைய பூட் டிரைவின் மேலேயே நிறுவாதீர்கள். சிறிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் புதிதாக நிறுவி, பழைய பூட் டிரைவைக் கழற்றி பெயர் எழுதி எடுத்து வையுங்கள். இன்னும் பென்டிரைவிலிருந்து பூட் செய்பவர்கள் அதைக் கைவிடவும் இதுவே சமயம். நிறுவும்போது மானிட்டரும் கீபோர்டும் சர்வரில் இணைந்திருக்கட்டும். கோரில் ஐஜிபி0 என்றிருந்த என் நெட்வொர்க் கார்டு லினக்ஸில் இஎன்ஓ1 ஆனது. பழைய பெயருக்குக் கொடுத்திருந்த நிலையான ஐபி முகவரி அதோடு ஒட்டிக்கொள்ளவில்லை. திரையின் மெனுவில் அதைக் கையால் கொடுத்த பிறகுதான் உலாவியில் பக்கம் திறந்தது.

பூல் இணைந்து, பகிர்வுகள் எல்லாம் வந்து, நிம்மதியாக மூச்சு விடும் நேரத்தில், பூலுக்குப் புதிய வசதிகள் கிடைக்கின்றன, அப்கிரேட் செய்யலாம் என்று சேமிப்புப் பக்கம் அறிவிக்கும். எச்சரிக்கையின் தோற்றத்தில் வருவதால் அதைச் சரிசெய்ய வேண்டிய கோளாறு என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதை அழுத்தாதவரை, பழைய பூட் டிரைவைத் திரும்பச் செருகினால் கோர் உங்கள் பூலைத் திறக்கும். அழுத்தியபின் புதிய வசதிகள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டால் பழைய பதிப்பால் அதில் எழுத முடியாது. பூலின் அப்கிரேடை விலக்க எந்தக் கட்டளையும் இல்லை, தரவை நகலெடுத்துப் புதிய பூல் உருவாக்குவதே வழி. அறிவிப்பை ஒதுக்கிவிட்டு, திரும்பிப் போக மாட்டோம் என்று உறுதியாகும்வரை அப்படியே வைத்திருங்கள்.

அதன்பிறகும், தேவை இருந்தால் மட்டும் செய்யுங்கள். ரெய்டு இசட் தொகுப்பில் (ஒரு டிஸ்கு கெட்டாலும் தரவு தப்பும்படி இணைத்த டிஸ்குகள்) ஒரே ஒரு டிஸ்கைச் சேர்த்து விரிவாக்கும் வசதி 24.10-இல் வந்தது, அது வேண்டுமென்றால் அப்கிரேட் தவிர்க்க முடியாதது. அப்போதும், ஸ்னாப்ஷாட்டுகளை (பூலின் அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகளை) பேக்கப்பாகப் பெற்றுக்கொள்ளும் இரண்டாவது சர்வர் ஒன்று உங்களிடம் இருந்தால் அதன் இயங்குதளத்தையும் பூலையும் முதலில் உயர்த்திவிட்டு, அதன்பின் முதன்மைப் பூலுக்கு வாருங்கள். அனுப்பும் பக்கம் முன்னே போய்விட்டால் பெறும் பக்கம் சில ஸ்னாப்ஷாட்டுகளை ஏற்க மறுக்கக்கூடும்.