அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா? – கடிதம்

வணக்கமுங்ணா,

காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். அப்பா போய் எட்டு மாசம் ஆச்சுங்க. கணையத்துல கேன்சர், கண்டுபிடிக்கறப்பவே ஈரல் வரைக்கும் பரவியிருந்துச்சு. டாக்டர் என்னைய மட்டும் தனியா கூப்புட்டு சொன்னாரு. மாமா, சித்தப்பா எல்லாரும் உக்காந்து பேசி அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணீட்டோம், அம்மாகிட்டயும் பாதிதான் சொன்னோம். வயித்துல புண்ணு, ஆறிரும்னே கடைசி வரைக்கும் சொன்னேன். அவரும் "செரி சாமி"ம்பாரு, அதுக்கு மேல ஒண்ணும் கேக்கமாட்டாரு. கடைசி மாசம் கிணத்து மோட்டார் சர்வீச என் பேருக்கு மாத்தச் சொல்லி ஒரே அவசரப்படுத்துனாரு, இப்ப அது எதுக்குங்ப்பான்னு கோவமா பேசிப்போட்டேன். ராத்திரியானா இதே நெனப்புதான். அவர ஏமாத்தி அனுப்பி வெச்சுட்டனா? துக்கத்துக்கு அஞ்சு கட்டம்னு நெட்டுல போட்டிருக்கு, நான் இன்னும் மொதக் கட்டத்துலயே நிக்கறனா? அழுகையே வரலீங்க, சில நாள் சிரிச்சுட்டு நல்லாவும் இருக்கறேன்.

பேர் வேண்டாமுங்க.

தம்பி,

உங்க அப்பாவுக்குத் தெரியும். எனக்கு இதுல சந்தேகமே இல்ல. விவசாயம் பண்ற குடும்பம், உங்களுக்கே புரியும், ஆள் போன பொறகு சர்வீஸ் பேர் மாத்தறதுன்னா வாரிசு சர்டிபிகேட், மத்த வாரிசுகளோட சம்மதம், ஈபி ஆபீசுக்கு நடையோ நடைன்னு எத்தன அலைச்சல், அதே ஆள் இருக்கறப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா வேலை பாதிக்குப் பாதி கொறஞ்சிரும். வயித்துப்புண்ணு ஆறிரும்னு நம்புற மனுசன் இதுக்கு அவசரப்படமாட்டாரு. நீங்க கோவமா பேசுனது கூட, பையன் நம்மள விடறதுக்கு இன்னும் மனசளவுல தயாராகலைன்னுதான் அவருக்குக் கேட்டிருக்கும்.

பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ்னு ரெண்டு சமூகவியல் அறிஞர்கள், சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஆஸ்பத்திரிகள்ல சாகப்போறவங்களையும் சுத்தி இருக்கறவங்களையும் கூடவே இருந்து பாத்து 1965ல ஒரு புத்தகம் எழுதுனாங்க. யாருக்கு எவ்வளவு தெரியும்ங்கறத வெச்சு நாலு நெலமை சொல்றாங்க. நோயாளிக்கு ஒண்ணுமே தெரியாம இருக்கறது ஒண்ணு, சந்தேகம் வந்து சுத்தி வளைச்சு கேட்டுப்பாக்கறது ஒண்ணு, மனசுவிட்டு பேசிக்கறது ஒண்ணு. இதுக்கு நடுவுல இன்னொண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் தெரியும், ஆனா தெரியாத மாதிரியே நடந்துக்குவாங்க. உங்க வீட்டுல நடந்தது இதுதான். இத ஒருத்தரா நடத்த முடியாது தம்பி, யாராவது வாய் தவறி எதையாவது சொல்லிட்டா அடுத்தவரு காதுல விழாத மாதிரி பேச்ச மாத்தணும், ரெண்டு பேரும் சேந்தாத்தான் அது நிக்கும். நீங்க ஒரு பக்கம் தாங்குனீங்க, அந்த "செரி சாமி" அவரு தாங்குன பக்கம். இதுல ஏமாத்து எங்க வந்துச்சு?

அதுக்காக மறைச்சது சரின்னு சொல்லமாட்டேன். கோயமுத்தூர்ல எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அவங்களுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்னு வராண்டாவுல நின்னு கெஞ்சற பையனப் பாக்கலாம், பாசத்துலதான் பண்றாங்க. ஆனா இதுல நோயாளியோட கௌரவம் கொஞ்சம் காப்பாத்தப்பட்டாலும் மனசுல இருக்கறத பேச ஆளில்லாம தனியாப் போயிர்றாரு. சித்தப்பாவும் மாமாவும் முடிவு பண்றதுக்கு முன்னாடி, உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்து நம்ம வீட்டுல யாருக்கு வந்தாலும் மொதல்ல அதக் கேக்கணும்.

அந்த அஞ்சு கட்டத்தப் பத்தி, அதாவது மறுப்பு, கோவம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுன்னு சொல்றதப் பத்தி, வெசனமே வேண்டாம். எலிசபெத் குப்லர் ராஸ்னு ஒரு மனநல டாக்டர் 1969ல எழுதுனது, சிகாகோல சாகற நெலமைல இருந்த நோயாளிககிட்ட பேசி எழுதுனது. பறிகொடுத்தவங்களுக்குன்னு எழுதுனது இல்ல, பின்னாடிதான் துக்கத்துக்கும் அதையே ஒட்ட வெச்சாங்க. 1999ல மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட்னு ரெண்டு துக்க ஆராய்ச்சியாளர்கள் சொன்னது எனக்கு இன்னும் சரியாப் படுது, துக்கம் அங்கயும் இங்கயும் போய்ட்டு வந்துட்டே இருக்கும்ங்கறாங்க, கொஞ்ச நேரம் இழப்பு, கொஞ்ச நேரம் பொழப்பு. காலைல பால சொசைட்டிக்கு ஊத்திட்டு வர்றப்ப யாரோடயோ சிரிச்சுப் பேசுவீங்க, பொழுதோட மோட்டார் போடப் போனா கை ஸ்விட்சுகிட்டயே நின்னுரும். ரெண்டுமே துக்கம்தான். அழுகை வராதது தப்பும் இல்ல, நம்ம பக்கம் எழவு வீட்டுல மூத்த பையனுக்கு ஒறம்பரைக்குப் போன் பண்ணவும் பந்தலுக்கு ஆள் புடிக்கவும்தான் நேரம் இருக்கும்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. வருசம் திரும்புன பொறகும் தெனமும் இதே அழுத்தம் இருந்து வேலை வெட்டி ஓடலைன்னா அதுக்கு வைத்தியம் இருக்கு, 2022ல அமெரிக்க மனநல கையேடே அத தனி நோயா சேத்துருச்சு. அதுக்குன்னு வருசம் வரைக்கும் பொறுக்கணும்னு இல்ல, தூக்கம் சுத்தமாப் போச்சுன்னாலோ நாமளும் போயிரலாம்னு தோணுனாலோ அன்னைக்கே அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

கடைசியா, அம்மாகிட்ட பாதிதான் சொன்னோம்னு எழுதியிருக்கீங்க, அதுக்கப்புறம் கடிதத்துல அம்மா வரவே இல்ல. பக்கத்துலயே இருந்து கஞ்சி கரைச்சுக் குடுத்து, ஒடம்பு தொடைச்சு விட்டவங்க அவங்க. மீதிப் பாதி தெரியாமயா இருந்திருப்பாங்க? அந்த தெரியாத மாதிரி இருக்கறது அப்பாவோட முடியல தம்பி, இப்ப உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவுல ஓடிட்டு இருக்கு. இந்த வாரமே உக்காந்து, எங்களுக்கு என்ன தெரியும், யாரெல்லாம் மறைச்சோம்னு நீங்களே மொதல்ல சொல்லிருங்க. அப்பா அம்மாகிட்ட என்ன சொன்னாருன்னு அதுக்கப்புறம் அவங்ககிட்ட கேளுங்க.