வலது கால் மறக்கவில்லை

வணக்கம் சார்,

தேனியிலிருந்து எழுதுகிறேன். வயது 43. பதினெட்டு வருடமாக ஒரே 100 சிசி வண்டிதான். உங்கள் பழைய புல்லட்டைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் விடாமல் படித்திருக்கிறேன். போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு மதுரை வந்தவன், ஆசை தாங்காமல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450ஐ டெஸ்ட் ரைடு எடுத்துப் பார்த்தேன். பத்து நிமிடம்தான். கிளட்ச் ஒரு விரலில் வருகிறது, முறுக்கினால் பறக்கிறது. இறங்கியதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. வீட்டில் "நமக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய வண்டி" என்கிறார்கள். நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்களா? பத்து நிமிடத்தில் வந்த ஆசையை நம்பி இவ்வளவு பணத்தைப் போடலாமா?

வாசகர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

ஓட்டினேன், இரண்டு தடவை. முதல் தடவையில் அந்த வண்டியைப் பற்றி எனக்கு அனேகமாக ஒன்றுமே தெரியவில்லை. உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது, அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

என்னுடையது 1991 மாடல். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஹிமாலயனில் இது தலைகீழ். ஷோரூமிலிருந்து கிளம்பியபோது ஒவ்வொரு கியரையும் யோசித்து யோசித்து இடது காலால் போட்டேன். நத்தம் சாலைப் பக்கம் கொஞ்சம் ரோடு கிடைத்தது, மனசு லேசானது, யோசிப்பதை விட்டுவிட்டேன். அவ்வளவுதான், மூன்றாவது கியருக்காக வலது கால் தானாகப் போய்க் கீழே அழுத்திவிட்டது. அது பின் பிரேக். ரோட்டோரம் மணல் வேறு கிடந்தது. பெடல் ஷூவுக்கு அடியில் படபடவென்று அடித்தது, உள்ளிருந்து யாரோ பாதத்தைத் தட்டுகிற மாதிரி. வண்டி நேராகவே போய் வேகம் குறைந்தது. என் புல்லட்டில் அந்த மணலில் அப்படி மிதித்திருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்துப் போயிருக்கும்.

அந்தப் படபடப்புதான் ஏபிஎஸ், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். உங்கள் வண்டியில் இல்லை, என் வண்டியிலும் இல்லை. "விட்டு விட்டுப் பிடி" என்றுதான் நமக்கெல்லாம் பிரேக் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த வண்டியில் அப்படிச் செய்யக்கூடாது, அழுத்தினால் அழுத்தியபடியே இருக்க வேண்டும், விட்டுப் பிடிக்கிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு மாடு குறுக்கே வருகிற அந்த அரை நொடியில் உங்கள் கை பதினெட்டு வருடப் பழக்கத்தைத்தான் செய்யும். முதல் பத்து நிமிடம் நீங்கள் உங்கள் பழைய வண்டியைத்தான் புது வண்டியின் மேல் ஏறி ஓட்டியிருக்கிறீர்கள், நானும் அப்படித்தான்.

அப்புறம் அந்தப் பறக்கிற விஷயம். அது உண்மைதான், சந்தேகமே வேண்டாம். 452 சிசி, 40 குதிரைத் திறன், ஆறு கியர், தண்ணீரால் குளிர்விக்கிற என்ஜின். என் புல்லட்டின் 346 சிசி என்ஜினுக்கு 18தான். ஆனால் எனக்குப் பெரிய வித்தியாசமாகப் பட்டது வேறொன்று. புல்லட்டில் சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 90. ஒல்லியாக, நீளமாக இருக்கும். அதனால்தான் மெதுவாக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி தட், தட் என்று போகும், மூன்றாவது கியரில் ஊர்ந்தாலும் முனகாமல் இழுக்கும். ஹிமாலயனில் 84க்கு 81.5. குறுக்களவு பெரிது, தூரம் குறைவு. இது சுற்ற விரும்புகிற என்ஜின். இழுவிசை உச்சத்துக்கு வருவதே நிமிடத்துக்கு 5500 சுற்றில்தான். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் பழைய நினைப்பில் மூன்றாவதிலேயே திருப்பினால் சோம்பலாகத் தெரியும், இரண்டாவதுக்கு இறக்கினால் சும்மா ஏறும். இது குறையில்லை, இதன் சுபாவம் அப்படி.

எனக்கு உண்மையில் பயம் தந்தது அமைதிதான். என் வண்டி 80ஐத் தொட்டால் உள்ளங்கை மரத்துப்போகும், கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டாகத் தெரியும், உடம்பு முழுக்க "போதும்" என்று சொல்லும். நத்தம் சாலை மேம்பாலத்தில் இந்த வண்டியில் 60 போகிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்த வட்டத் திரையைக் குனிந்து பார்த்தால் 92. கையில் ஒரு அதிர்வும் இல்லை. பக்கக் காற்று மட்டும் ஹெல்மெட்டைத் தள்ளியது. 100 சிசியிலிருந்து நேராக இதற்கு வருகிறவர் இதைத்தான் முதலில் பழக வேண்டும் என்பேன். வேகத்தை இனி உடம்பு சொல்லாது, மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடையையும் பாருங்கள். உங்கள் வண்டி சுமார் 110 கிலோ, இது 196. ஓடும்போது அது தெரியவே தெரியாது, அதனால் பத்து நிமிடத்தில் அது உங்களுக்குத் தட்டுப்பட்டிருக்காது. இரண்டாம் தடவை போனபோது கடைக்காரரிடம் கேட்டு என்ஜினை அணைத்துவிட்டு, சரிவில் முன்சக்கரம் கீழே பார்க்க நின்றிருந்த வண்டியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். வேர்த்துவிட்டது. சீட் உயரம் 825 மில்லிமீட்டர். எனக்கு முன்பாதம் ஊன்றுகிறது, குதிகால் ஊன்றவில்லை. சந்தைக் கூட்டத்தில் நின்று நின்று போகும்போது, ஒரு கால் பள்ளத்தில் ஊன்ற நேர்ந்தால், அந்த 196 கிலோவையும் தாங்கப்போவது அந்தக் கால்தான்.

உங்கள் வீட்டில் கேட்டதைத் தட்டிவிடாதீர்கள். பின் சீட் முன் சீட்டைவிட உயரம். அவர்கள் சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறவர்களா? அப்படியென்றால் அவர்களை ஏற்றிக்கொண்டு போய் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். மைலேஜும் இப்போது வருவதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும், அதை அவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, ஆசையை நம்பலாமா என்றால், நம்பலாம். எனக்கும் அந்த வண்டி பிடித்திருக்கிறது, மேகமலைப் பக்கம் ரோடு உடைந்து கிடக்கிற இடங்களில் அந்த 21 அங்குல முன்சக்கரம் உருண்டு போவதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இன்னொரு தடவை, மனைவியோடு, சாயங்கால நெரிசலில், 30க்கு மேல் போகாமல் அரை மணி நேரம் ஓட்டக் கேளுங்கள். யூ டர்ன் நாலு தடவை அடித்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாத ஷோரூம் என்றால் வேறு ஷோரூமுக்குப் போங்கள்.

அதற்காக மதுரை வந்தால் எனக்குச் சொல்லுங்கள். என் புல்லட்டையும் ஒரு ரவுண்டு ஓட்டலாம். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக மிதித்து, டீகம்ப்ரஷரை, அதாவது சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற சின்ன லீவரை, பிடித்து ஒரு அங்குலம் கிக்கரை இறக்கி, விட்டுவிட்டு ஓங்கி ஒரே உதை. நான் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன்.

அன்புடன்.