கம்பு சுற்றும் பையனுக்குக் கணக்கு வரவில்லையா?

திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகன் எட்டாம் வகுப்பு, தமிழ்நாடு பாடத்திட்டம். மூன்று வருடமாகச் சிலம்பம் கற்கிறான். கம்பை எடுத்தால் நேரம் போவதே தெரியாது. கணக்கு நோட்டை எடுத்தால் கொட்டாவி விடுகிறான். சிலம்பத்தை வைத்தே பாடம் சொல்லித்தர முடியுமா? நான் பன்னிரண்டாவது வரைதான் படித்திருக்கிறேன்."

முடியும் அம்மா. உங்கள் படிப்பு தாராளமாகப் போதும். ஆனால் பயிற்சி நேரத்துக்குள் பாடத்தை நுழைக்காதீர்கள். நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், மாலையில் சிலம்பம் கற்றுத்தருகிறேன். ஆரம்பத்தில் பையன்கள் கம்பு வீசிக்கொண்டிருக்கும்போதே "இப்போ எத்தனை டிகிரி திரும்பினாய்?" என்று கேட்பேன். பதிலை யோசித்த ஒரு மாணவன் தன் முழங்காலிலேயே அடித்துக்கொண்டான். கால் வீங்கிப்போனது. தப்பு என்னுடையது. அன்றோடு அதை விட்டுவிட்டேன். பயிற்சி முடிந்து, வியர்வை ஆறி, தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு.

பேச்சையும் சூத்திரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். அவன் கைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேள்வியாக்குங்கள். "நீ சுற்றும்போது கம்பு நுனி என்ன வேகத்தில் போகும்? தெருவில் போகிற சைக்கிளைவிட வேகமா?" முதலில் அவன் ஊகிக்கட்டும். ஊகத்தைத் தாளில் எழுதி வைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

கம்பின் நீளம் 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பிடித்துச் சுற்றினால் ஆரம் 75 செ.மீ. நுனி ஒரு சுற்றில் போகும் தூரம் 2 × 3.14 × 0.75, அதாவது 4.71 மீட்டர். நுனியில் சிவப்புத் துணி கட்டி, பத்து நொடி சுற்றச் சொல்லி, போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் சுற்றுகளை எண்ணிவிடலாம். 20 சுற்று வந்தால் நொடிக்கு 2 சுற்று. வேகம் நொடிக்கு 9.42 மீட்டர். 3.6 ஆல் பெருக்கினால் மணிக்குக் கிட்டத்தட்ட 34 கி.மீ.! கை சும்மா நடுவில் நிற்க, நுனி மட்டும் இவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரியும்போது பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் அவர்களே நீளமான கம்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

எட்டாம் வகுப்பில் வில்லின் நீளம் வருகிறது அல்லவா? முழுச் சுற்று 4.71 மீட்டர் என்றால், கம்பு கால் சுற்று மட்டும் திரும்பும்போது நுனி எவ்வளவு போகும்? 360-ல் 90 பங்கு, சுமார் 1.18 மீட்டர். மணலில் கம்பு நுனியாலேயே அந்த வில்லை வரைந்து, அதன்மேல் நூலை வைத்து அளக்கச் சொல்லுங்கள். கணக்கும் நூலும் ஒத்துப்போகும்போது சூத்திரம் அவனுக்குச் சொந்தமாகிவிடும். அப்புறம் புத்தகத்தைத் திறந்தால் போதும்.

அறிவியலில் விசையும் அழுத்தமும் பாடத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. கம்பை ஈர மணலில் படுக்க வைத்து அழுத்தச் சொல்லுங்கள். பிறகு அதே பலத்தில் நுனியை ஊன்றச் சொல்லுங்கள். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்பதை மணலில் விழும் குழியே காட்டும். ஆசான் குத்துப் பயிற்சியில் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார் என்பதும் அப்போது புரியும். மணலில் மட்டும்தான் இந்தச் சோதனை, தம்பி தங்கை மேல் வேண்டாம்.

வரலாற்றில் கொஞ்சம் கவனம் தேவை. பாளையக்காரர் பாடம் வரும்போது, 1799-ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டதையும், 1801-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதையும் அவன் ஆர்வமாகவே படிப்பான். ஆனால் சிலம்பத்தின் வயது பற்றி வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் உண்மை என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். "இதற்குக் கல்வெட்டு இருக்கிறதா, ஆவணம் இருக்கிறதா?" என்று அவனைக் கேட்க வையுங்கள். தன் கலைமேல் பிரியம் உள்ள பிள்ளைதான் இதைப் பொறுமையாகத் தேடும்.

மொழிப் பாடத்துக்கு ஒரே ஒரு வேலை போதும். தனக்குத் தெரிந்த ஒரு வீச்சை, கம்பையே தொட்டிராத ஒருவருக்குப் புரியும்படி பத்து வரியில் எழுதட்டும். நீங்கள் கம்பை எடுத்து, அவன் எழுதியபடி மட்டும் செய்து பாருங்கள். எந்தக் கால் முன்னே என்று எழுதாமல் விட்டது அங்கேயே தெரிந்துவிடும். இதை ஆங்கிலத்திலும் செய்யலாம்.

இயற்கணிதத்துக்கு இதை இழுக்காதீர்கள். முற்றொருமைகளைக் கம்போடு முடிச்சுப் போட்டால் இரண்டுமே அவனுக்குக் கசந்துவிடும். அதை வழக்கம்போல நோட்டில் போட்டுப் பழகத்தான் வேண்டும்.

"கணக்கை முடித்தால்தான் சிலம்பம்" என்ற பேரமும் வேண்டாம். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், கடைசியில் சிலம்பம்தான் நின்றுபோகிறது, கணக்கு ஏறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி என்று ஆரம்பியுங்கள். அதற்கு முன் ஆசானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்த வாரம் ஒரு அளவு நாடாவும் சிவப்புத் துணியும் இருந்தால் போதும். நுனி வேகத்தை அவனே கண்டுபிடிக்கட்டும். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.