பாவம் பார்க்க வேண்டிய இடம்

கேள்வி: புகழ்பெற்ற காமிக்ஸ் வில்லன்களுக்கு முன்கதை எழுதுவதால் அவர்களுக்கு ஏதாவது கூடுகிறதா? ஜோக்கர் படம் பார்த்ததிலிருந்து அவனை நினைத்தால் பாவமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: ஜோக்கரைப் பார்த்தா பாவம் என்கிறீர்கள்? 1940இல் பேட்மேன் முதல் இதழில் வந்தபோது, இன்னாரை இத்தனை மணிக்குக் கொல்வேன் என்று வானொலியில் அறிவித்துவிட்டு, சொன்னபடி கொன்றவன் அவன். செத்தவர் முகத்தில் சிரிப்பு உறைந்து கிடந்தது. எந்த ஊர்க்காரன், யார் பெற்ற பிள்ளை என்று அதில் ஒரு வரி கிடையாது. அதனால்தான் பயமாக இருந்தது.

1951இல் ரசாயனக் கழிவில் நீந்தித் தப்பிய திருடன் என்று ஒரு கதை கட்டினார்கள். 1988இல் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் அவனைத் தோற்றுப்போன நகைச்சுவை நடிகனாக்கினார். ஆனால் அவர் கெட்டிக்காரர். தன் கடந்த காலம் ஒருமுறை ஒரு மாதிரியும் இன்னொரு முறை வேறு மாதிரியும் நினைவுக்கு வருவதாக ஜோக்கர் வாயாலேயே சொல்லவைத்துக் கதவைத் திறந்தே விட்டார். 2019 படம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. வாக்கீன் பீனிக்ஸ் ஆஸ்கர் வாங்கிய நடிப்பில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அந்த நொந்துபோன மனிதன் வானொலியில் நேரம் குறித்துக் கொல்லமாட்டான். அவன் வேறு ஆள்.

முன்கதையே வேண்டாம் என்கிறேனா? கள்ளியங்காட்டு நீலியின் வில்லுப்பாட்டைக் கேட்டவன் அப்படிச் சொல்ல முடியாது. நாகர்கோவிலில் பார்வதிபுரத்தை ஒட்டிய கள்ளியங்காட்டில் நீலி வெறும் பேயாக இருந்திருந்தால் யாரும் இரவெல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்கமாட்டார்கள். ஒருவனை நம்பி வந்த பெண் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மணலைக் குவித்துத் தலையணையாக்கி, அவள் தலையை மெல்ல அதில் இறக்கிவைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போடுகிறான். எல்லாம் நகைக்காக. மறுபிறவியில் அவள் நீலியாகி, கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி, இடுப்பில் ஏந்திக்கொண்டு அவனைத் தேடி வருகிறாள். மணலை அவன் கை குவித்ததைக் கேட்டவருக்குத்தான் அந்தக் கள்ளிக் குழந்தையைக் கண்டு உடம்பு நடுங்கும். பிறப்புக் கதை நீலியின் கோபத்தைத் தணிக்கவில்லை, கூட்டுகிறது. பதில் சொல்லவேண்டிய ஒருவனை நம் முன்னால் நிறுத்துகிறது.

எக்ஸ்-மென் காமிக்ஸின் வில்லன் மேக்னிட்டோ அப்படித்தான். 1963இல் வந்தபோது உலகை ஆள ஆசைப்பட்ட இன்னொருவன், அவ்வளவுதான். நாஜி வதைமுகாமில் தப்பிப் பிழைத்த யூதச் சிறுவன் என்ற கதையைப் பின்னால் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்ட் கொடுத்தபிறகு, அவன் பேசுவதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. மிஸ்டர் ஃப்ரீஸ் 1959இல் பனித் துப்பாக்கி வைத்திருந்த சாதாரணத் திருடன். 1992 பேட்மேன் கார்ட்டூன் தொடர் அவனுக்குத் தீராத நோயில் உறைந்து கிடக்கும் மனைவியைக் கொடுத்தது. அன்றுதான் அவன் உருப்படியான வில்லன் ஆனான். இவர்களுக்கெல்லாம் ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. ஜோக்கருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவனுக்குக் கதை எழுத எழுத அவன் சிறுத்துப்போகிறான்.

நீலி பேச்சு வந்துவிட்டதால், இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் சொல்லிவருவதை இன்னொருமுறை சொல்கிறேன். நம் மாவட்டத்தில் கோவில் கொடைவிழா நடத்தும் கமிட்டிகள் சிங்காரி மேளத்துக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் இரவை ஒதுக்கிவிட்டு, வில்லுப்பாட்டுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கொடுக்கிறார்கள். பாட்டை நடத்தும் புலவர் என்ன செய்வார்? குடம் அடிப்பவரும் உடுக்கைக்காரரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, தெய்வத்தின் பிறப்பை நாலு வரியில் முடித்துவிட்டுப் பழிவாங்கலுக்குத் தாவுகிறார். கொலையே தெரியாத பிள்ளைகள் முன்னால் நீலி வந்து ஆடுகிறாள். இது அநியாயம். மேளத்தை மாலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குமேல் வில்லுப்பாட்டை யாரும் நிறுத்தாதீர்கள், பாடுகிறவர்கள் விடியும்வரை பாடட்டும்.