பிரேக்கிங் நியூஸும் டிராவல் பில்லும்

வணக்கம். எனக்கு வயது 33. ஒரு செய்தித் தொலைக்காட்சியில் டெஸ்கில் இருக்கிறேன். எனக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) என்று போன மாதம் மனநல மருத்துவர் உறுதிசெய்தார். பிரேக்கிங் நேரத்தில் நான்கு நேரலை வீடியோ ஃபீடு ஒன்றாக ஓடினாலும் தடுமாற மாட்டேன். ஆனால் வாராந்திர அரைமணி நேர நிகழ்ச்சிக்கான ஸ்கிரிப்டை எப்போதும் கடைசி இரவில்தான் எழுதுகிறேன். டிராவல் பில் போட மறந்து கைக்காசு போகிறது. கரண்ட் பில் கட்டாமல் இரண்டு முறை ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். கணவர் சோம்பேறித்தனம் என்கிறார், ரீல்ஸில் சூப்பர் பவர் என்கிறார்கள். எது நிஜம்? மாத்திரை சாப்பிட்டால் என் வேகம் போய்விடுமா?
ம.

அன்புள்ள ம.,

ரீல்ஸ் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதைக் காட்டி மின்வாரியத்திடம் தவணை வாங்க முடியாது என்பதுதான் சிக்கல்.

உங்களுக்குக் கவனம் நிறையவே இருக்கிறது, அது உங்கள் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு வேலை முக்கியம் என்று தெரிந்தால் மட்டும் அது வராது. வேலை புதிதாகவோ சுவாரசியமாகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் கழுத்தைப் பிடிக்கும் அவசரம் வேண்டும். பிரேக்கிங்கில் இவை எல்லாமே உண்டு. அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும் வேலையும் இல்லை, பிசிஆரிலிருந்து (ஒளிபரப்பை இயக்கும் அறையிலிருந்து) வரும் குரல் எடுத்துக் கொடுத்துவிடும். வாராந்திர ஸ்கிரிப்டில் அப்படி யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. திங்கட்கிழமை உட்கார்ந்து பார்த்தால் வெள்ளிக்கிழமை வேறு யுகத்தில் இருக்கிறது.

உளவியல் ஆய்வாளர்கள் ஹோலி வைட், ப்ரீத்தி ஷா இருவரும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு இங்கே பொருந்தும். ஒரு சாதாரணப் பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது ஏடிஎச்டி உள்ளவர்கள் முந்தினார்கள். மூன்று சொற்களை இணைக்கும் ஒரே சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது அவர்களே பின்தங்கினார்கள். ரீல்ஸில் முதல் பாதிதான் வரும். 2008இல் வட கென்யாவில் கால்நடை மேய்க்கும் அரியால் இன ஆண்களிடம் டான் ஐசன்பெர்க் குழு செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம். ஏடிஎச்டியோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த ஒரு மரபணு வகை இருந்தவர்களில், மேய்ச்சலுக்கு அலைபவர்கள் நல்ல உடல்வாகோடு இருந்தார்கள். ஊரில் தங்கிவிட்டவர்கள் மெலிந்திருந்தார்கள். அந்த மரபணுவே ஏடிஎச்டி ஆகிவிடாது. ஆனால் ஒரே இயல்பு ஓரிடத்தில் உதவி, இன்னோரிடத்தில் காலை வாரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் டெஸ்க் மேய்ச்சல் நிலம்.

இனி ஸ்கிரிப்ட். நீங்களே வைத்துக்கொள்ளும் கெடு வேலைக்கு ஆகாது, அது பொய் என்று உங்களுக்கே தெரியும். கெடுவின் மறுமுனையில் ஓர் ஆள் காத்திருக்க வேண்டும். புதன்கிழமை காலை 11 மணிக்கு முதல் ஐந்து நிமிடத்துக்கான வாய்ஸ் ஓவரைப் பதிவுசெய்ய ஆளை வரச்சொல்லிவிடுங்கள். வியாழக்கிழமை அடுத்த பகுதிக்கு எடிட்டர். ‘ஸ்கிரிப்ட் எழுது’ என்று பட்டியலில் போட்டால் மூளை அதைத் தாண்டிப் போய்விடும். ‘ஃபைலைத் திற, மூன்று பைட்டின் (பேட்டித் துண்டின்) டைம்கோடை ஒட்டு’ என்று, பத்து நிமிடத்தில் முடிகிற அளவுக்கு எழுதுங்கள். தொடங்கவே முடியவில்லையா? சக ஊழியர் ஒருவரைப் பக்கத்தில் அவர் வேலையைப் பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள், பேச வேண்டாம். காரணமே இல்லாத வித்தை போலத் தோன்றும், பலருக்கு வேலை செய்கிறது.

வேலை பிடித்துக்கொண்டால் எதிர்ப்பக்கச் சிக்கல்: மதியச் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் மறந்து நான்கு மணி நேரம் போய்விடும். அலாரத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் விரல் தானாக அணைத்துவிடும், தலை திரும்பாது. எழுந்து போய் அணைக்கிற தூரத்தில் வையுங்கள். எழும்போது, அடுத்து எந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். இல்லையென்றால் மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

டிராவல் பில்லை மாதக் கடைசிக்கு வைக்காதீர்கள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே படமெடுத்து உங்கள் எண்ணுக்கே வாட்ஸாப்பில் அனுப்புங்கள். எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும். மூன்று நோட்டு, இரண்டு செயலி என்று பிரித்தால் எதையும் திறக்க மாட்டீர்கள்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: சோம்பேறி படுத்துத் தூங்குவார், லேப்டாப் முன்னால் மூன்று மணி நேரம் தன்னைத் திட்டிக்கொண்டு உட்கார மாட்டார். வீட்டு வேலையைச் சரிபாதியாகப் பிரிக்காமல் வகையாகப் பிரியுங்கள். இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் கரண்ட் பில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகட்டும். பள்ளிக் கட்டணம், காப்பீடு அவருடையவை. திடீர் மருத்துவமனை ஓட்டம், விருந்தாளி, ரயில் தவறிய அண்ணன் எல்லாம் உங்களுக்கு.

மாத்திரைக்கு வருகிறேன். ஏடிஎச்டிக்குத் தரும் மெதில்பெனிடேட் என்ற மருந்தைச் சரியான அளவில் கொடுத்தால் பொதுவாக வேகம் போகாது. உணர்ச்சி மரத்து, மந்தமாக இருந்தால் பெரும்பாலும் அளவு அதிகம், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குறுகிய நேர வகை சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். பசி குறையும் என்பதால் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போடுங்கள். தாமதமாகப் போட்டால் தூக்கம் கெடும். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை மூன்றையும் பார்த்துவர வேண்டும். குடும்பத்தில் இதய நோய் இருந்தால், கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆட்டமாக்ஸெட்டின் என்ற இன்னொரு மருந்து என்றால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், மூன்றாம் நாளே நிறுத்தக் கூடாது. உங்களுக்கு இரவு ஷிப்ட் உண்டென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கக் குறைவு, தைராய்டு இரண்டுமே இந்த அறிகுறிகளைக் கூட்டும்.

மெதில்பெனிடேட் இந்தியாவில் எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது. தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடையில் வைத்துக்கொள்வார்கள். எல்லா நாளும் இருப்பில் இருக்காது. ஏழு மாத்திரை மிச்சமிருக்கும்போதே கடைக்குப் போன் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பையும் கணவரிடமே கொடுத்துவிடுங்கள்.