மெதுவாகப் படிப்பது குறையா?

கேள்வி: என் தோழிகள் வாரம் ஒரு நாவல் முடிக்கிறார்கள். எனக்கு ஒரு மாதம் ஆகிறது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வேக வாசிப்புப் பயிற்சியில் சேரலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல புத்தகங்களாக வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பப் படிப்பதை ஏன் குறையாக நினைக்கிறீர்கள்? படிக்கும்போது யாருடைய கண்ணும் வரியின் மேல் சீராக ஓடுவதில்லை. ஓரிடத்தில் சுமார் கால் நொடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னால்தான் போகும். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கண் கடந்துபோன சொற்களை உடனுக்குடன் திரையில் மறைத்துவிட்டார்கள். திரும்பிப் பார்க்க வழியில்லாமல் போனதும் புரிதல் குறைந்துவிட்டது. வேக வாசிப்பு வகுப்புகள் விடச் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்!

கட்டுரை, செய்தி என்றால் நானும் மேலோட்டமாக ஓட்டுவேன். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் அது போதும். கதையில் அது நடக்காது. ‘தம்பி ஊரில் இல்லை’ என்கிறாள் அக்கா. நாலு வரி தள்ளி, மேசை மேல் அவனுடைய மூக்குக்கண்ணாடி கிடப்பதாகப் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. வேகமாகப் போகிறவருக்குக் கண்ணாடி தெரியும், அக்காவின் பொய் தெரியாது. சட்டென்று நின்று நாலு வரி மேலே போய்ப் பார்க்கிறோமே, கதை படிக்கும் சுகமே அதில்தான் இருக்கிறது.

சரி, ஒரு மாதம் ஆகிறது என்கிறீர்களே, அது மெதுவாகப் படிப்பதாலா, விட்டு விட்டுப் படிப்பதாலா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. தூங்கப் போகும்போது இரண்டு பக்கம், நாலு நாள் கழித்து மூன்று பக்கம் என்று போனால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துவிடும். மறந்ததைத் தேடிப் பின்னால் போவது வெறும் அலுப்பு. அதற்கு மருந்து வேகம் அல்ல, ஒரே மூச்சில் அரை மணி நேரம் உட்காருவது. முதல் சில அத்தியாயங்களை எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் படியுங்கள். ஆட்களும் எழுத்தாளரின் நடையும் பழகிவிட்டால், வேகம் தானாக வரும்.

அப்புறம், மனசு எங்கோ போய் அதே வரியிலேயே கண் சுற்றுகிறது என்றால், அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிடுங்கள்.